மலையை விட்டு இறங்க மறுத்த மூதாட்டி

பென்னாகரம் வட்டாரத்துக்காரர்களுக்கு டோலி என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டூர், ஏரிமலை, அலகட்டு போன்ற மலைக் கிராமங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு மூங்கில் கழியை எடுப்பார்கள். அதில் போர்வையைத் தொட்டில்போலக் கட்டுவார்கள். நோயாளியை அதில் கிடத்தித் தோள் மாற்றித் தோள் மாற்றி அடிவாரத்துக்குத் தூக்கி வருவார்கள். ரோடு இல்லாத மலைக்கு அதுதான் ஆம்புலன்ஸ். இந்த நூற்றாண்டிலும் ஓட்டுப்பதிவு யந்திரங்கள் கழுதை முதுகில்தான் கோட்டூர் மலை ஏறின என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

டோலி எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். வைத்தியம் கீழேதானே இருக்கிறது!

ஆனால் 1970-களின் ஆரம்பத்தில், சேலத்தைச் சுற்றியுள்ள மலைகளில், ஒரு டோலி வேறுவிதமாகப் போய்க்கொண்டிருந்தது. அது கீழே இறங்கவில்லை. மலை மேலேயே ஊர் ஊராகச் சுற்றியது. அதில் இருந்தவர் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள். வைத்தியத்துக்காக அவரைத் தூக்கிப் போகவில்லை. வைத்தியம் செய்ய வருகிறவரைத்தான் ஊரார் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த அம்மாளின் பெயர் ஈவ்லின் பிராண்ட். 'பிராண்ட் பாட்டி' என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்வார்கள்.

லண்டன் சீமாட்டி

ஈவ்லின் பிறந்தது 1879-ல், லண்டனில். வசதியான குடும்பம். நல்ல வீடு, நல்ல உடை, உடன்பிறந்தார் பலர். ஓவியம் அவருக்கு உயிர். ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றவர். அந்தக் காலத்து லண்டனில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு எதிரே ஒரு வழிதான் கிடந்தது: தகுந்த இடத்தில் கல்யாணம், பிறகு விருந்துகள், மாலை நேரத்தில் தூரிகை.

முப்பது வயதைத் தாண்டியபின் அவர் அதை உதறிவிட்டுச் சென்னைக்குக் கப்பல் ஏறினார். கிறிஸ்தவ மிஷன் ஒன்றில் ஊழியம் செய்ய வந்த அவர், ஜெஸ்ஸி பிராண்ட் என்ற இளைஞரைச் சந்தித்தார். ஜெஸ்ஸி அவரைவிட வயதில் இளையவர். கட்டட வேலை தெரிந்தவர். கொஞ்சம் வைத்தியமும் கற்றிருந்தார். 1907-லேயே தமிழ்நாட்டுக்கு வந்திருந்த அவருக்குக் கொல்லிமலை மேல் ஒரு பித்து.

பித்து என்றுதான் சொல்லவேண்டும். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி பஸ்ஸில் கொல்லிமலைக்குப் போகிறவர்களுக்கு அது குளிர்ச்சியான சுற்றுலாத் தலம். அன்று ரோடு கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதை. சுமார் நாலாயிரம் அடி. மேலே போனவர்கள் மலைஜுரத்தோடு திரும்புவார்கள். சிலர் திரும்பாமலே போவார்கள். கொல்லும் மலை என்பதால்தான் கொல்லிமலை என்று கீழ்நாட்டில் ஒரு பேச்சு உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்கூட ராத்தங்க அஞ்சிய இடம்.

1913-ல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணம் முடிந்ததும் மலை ஏறினார்கள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. லண்டன் சீமாட்டி தன் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கல்யாண உடை நனைந்து, சேறாகிக் கிடந்தது.

கிணற்றுக்குச் சுவர்

மலைவாசிகள் அவர்களை வாழை மரம் கட்டி வரவேற்கவில்லை. சாமையும் தினையும் விதைத்துத் தங்கள் தெய்வங்களைக் கும்பிட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். இந்த வெள்ளைக்காரர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. நியாயமான சந்தேகம்தான். மருந்து வாங்கிக்கொள்வார்கள், பல் பிடுங்கிக்கொள்வார்கள், உபதேசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளமாட்டார்கள். முதல் சில வருஷங்கள் ஒருவர்கூட கிறிஸ்தவராகவில்லை.

ஆனாலும் வேலை ஓயவில்லை. நரம்புச்சிலந்தி என்ற நோயைப் பற்றி இந்தத் தலைமுறைக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. 2000-ல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டுவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்துவிட்டது. அந்த நாளில் அது கொடுமையான நோய். முழ நீளத்துக்கும் அதிகமான புழு ஒன்று காலில் கொப்புளம் கிளப்பி வெளியே தலைகாட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்கவேண்டும். அறுந்துபோனால் கால் சீழ் பிடிக்கும். நோயாளி படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டால், காலில் உள்ள புழு நீரில் குஞ்சுகளை விட்டுவிடும். அதே தண்ணீரை அடுத்தவர் குடிப்பார். வட்டம் பூர்த்தியாகிவிடும்.

ஜெஸ்ஸி இதைப் பேசிப் பேசிப் புரியவைத்தார். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பவைத்தார். யாரும் நீரில் கால் வைக்க முடியாது என்று ஆனபின் நோய் குறைந்தது. இதற்கு மருந்தும் வேண்டியிருக்கவில்லை, மந்திரமும் வேண்டியிருக்கவில்லை.

ஊர்ப் பூசாரிக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. தன் பிழைப்புக்கும் தெய்வத்துக்கும் போட்டி வந்துவிட்டது என்று அவர் நினைத்தார். இவர்கள் பக்கம் யாரும் சாயாதபடி பார்த்துக்கொண்டார்.

முதல் மகாயுத்தம் முடிகிற சமயத்தில், 1918-1919-ல், உலகத்தையே உலுக்கிய விஷஜுரம் வந்தது. இந்தியாவில் மட்டும் கோடிக்கும் அதிகமானவர்களைக் கொண்டுபோன ஜுரம் அது. கொல்லிமலையையும் அது விடவில்லை. வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உயிர்ப் பயம் அப்படி. படுத்தவர்களில் பலர் ஜுரத்தால் மட்டுமல்ல, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமலும் செத்தார்கள்.

ஜெஸ்ஸியிடமும் ஈவ்லினிடமும் அந்த ஜுரத்துக்கு மருந்து கிடையாது. அன்று உலகத்தில் யாரிடமும் கிடையாது. அவர்கள் செய்தது ஒன்றுதான். அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்கள். அதைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போய், படுத்துக் கிடந்தவர்களின் வாயில் கரண்டியால் ஊற்றினார்கள்.

பூசாரியும் படுத்தார். அவர் மனைவியும் படுத்தாள். அவர்கள் வீட்டுக்கும் கஞ்சி போயிற்று. பிழைக்கமாட்டோம் என்று தெரிந்ததும் பூசாரி ஒரு முடிவுக்கு வந்தார். தன் மகனையும், கைக்குழந்தையாக இருந்த மகளையும் இந்த வெள்ளைக்காரத் தம்பதியே வளர்க்கவேண்டும் என்றார். தன் ஆட்கள் ஒருவரும் எட்டிப்பார்க்காத வாசலுக்கு, தான் எதிர்த்தவர்கள் வந்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த மலையில் சபை முளைவிட்டது அதற்குப் பிறகுதான்.

1929 ஜூன்

ஈவ்லின் தம்பதிக்கு இரண்டு குழந்தைகள்: பால், கோனி. 1923-ல் இருவரையும் இங்கிலாந்தில் உறவினரிடம் படிக்க விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு ஒன்பது வயது. தங்கைக்கு ஆறு.

இந்த இடத்தில் வாசகர்களில் தாய்மார்கள் முகம் சுளிக்கலாம். யார் பெற்ற பிள்ளைகளையோ மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டியவர், தான் பெற்ற பிள்ளைகளைக் கடல் தாண்டி விட்டாரே என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. அன்றைய மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம் என்பது ஒரு விளக்கம்தான், சமாதானம் ஆகாது. பிள்ளைகளை விட்டுத் திரும்பிய அந்தப் பயணத்தின் வலி தாயை விட்டு ஒருநாளும் போகவில்லை. வாராவாரம் கடிதம் எழுதினார்கள். தந்தையின் கடிதங்களில் மரம், பூச்சி, பறவை என்று மலையே மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

இன்னும் ஒரு வருஷத்தில் ஊருக்கு வருகிறோம் என்று பிள்ளைகளுக்கு எழுதியிருந்த வேளையில், 1929 ஜூன் மாதம், ஜெஸ்ஸி ஜுரத்தில் விழுந்தார். மலைஜுரத்தின் மிகக் கொடிய வடிவம் அது. ரத்த அணுக்கள் சிதைந்து சிறுநீர் கறுத்துப் போகும். சில நாட்களில் முடிந்துவிட்டது. அவருக்கு 44 வயது. கொல்லிமலை மண்ணிலேயே புதைத்தார்கள்.

இங்கிலாந்துக்குத் தந்தி போயிற்று. கடிதங்கள் கப்பலில் மெதுவாகத்தானே போகும்? அப்பா இறந்த செய்தி வந்தபிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் பையனுக்கு வந்துகொண்டே இருந்தன. இதைவிடக் கொடுமையாக ஒரு மரணத்தை அறிந்துகொள்ள முடியாது.

அடுத்த வருஷம் ஈவ்லின் ஊருக்குப் போனார். அழகான, நிமிர்ந்த அம்மாவை எதிர்பார்த்துக் காத்திருந்த மகனுக்கு, கப்பலிலிருந்து இறங்கி வந்தவரை அடையாளம் தெரியவில்லை. நரைத்து, வளைந்து, ஒடிந்துபோன ஒரு கிழவி. வயது ஐம்பத்தொன்றுதான்.

மனரம்மியம் வந்த வழி

விசுவாசம் உள்ளவர்களுக்குத் துக்கமே வராது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும். ஈவ்லின் அம்மாளுக்குத் துக்கம் வந்தது. முகத்திலும் முதுகிலும் தெரியும்படி வந்தது. கர்த்தர் மேல் இருந்த நம்பிக்கை அந்தத் துக்கத்தைத் தடுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

பிலிப்பி பட்டணத்தாருக்குப் பவுல் அப்போஸ்தலர் எழுதிய நிருபத்தைக் கிறிஸ்தவர்கள் அறிவார்கள். எந்த நிலையிலும் மனரம்மியமாக இருப்பதைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். எழுதிய இடம் சிறைச்சாலை. கவனிக்கவேண்டியது இன்னொன்று: அது தனக்குப் பிறவியில் வந்ததாக அவர் சொல்லவில்லை; கற்றுக்கொண்டதாகவே சொல்கிறார். கற்பது என்றால் நாளாகும். தோற்றுத் தோற்றுத்தான் வரும்.

ஈவ்லின் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் மலைதான். குடும்பத்தார் தடுத்தும் கேளாமல் இந்தியாவுக்குத் திரும்பினார். மிஷன் அவரைக் கீழ்நாட்டில் ஊழியத்துக்குப் போட்டது. தனியாக இருக்கும் விதவையை மலைஜுரத்துக்கு நடுவே அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? அவர் கீழே வேலை செய்தார். மனம் மேலே இருந்தது. கொல்லிமலை, பச்சைமலை, கல்ராயன் மலை, இன்றைய தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை முதலிய ஐந்து மலைத்தொடர்களுக்குப் போகவேண்டும் என்று கணவனும் மனைவியும் கண்ட கனவு அப்படியே கிடந்தது. சித்தேரியும் பென்னாகரமும் அன்று சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை; தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ந் தேதிதான்.

எழுபது வயதை நெருங்கும்போது மிஷன் ஓய்வு கொடுத்தது. போதும், ஊருக்குப் போங்கள் என்றது. இன்னும் ஒரே ஒரு வருஷம் என்று கெஞ்சி வாங்கினார். அந்த வருஷம் முடிந்து பிரிவுபசாரம் நடந்தது. நண்பர்கள் கூடி வாழ்த்தினார்கள். அப்போதுதான் பாட்டி விஷயத்தை வெளியிட்டார்: தான் லண்டனுக்குப் போகவில்லை, மிஷன் வேலையை விட்டாகிவிட்டது, இனி யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை, மலைக்குப் போகிறேன்!

கூடியிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மலை மேல் ஒரு சின்ன வீட்டுக்கு ஏற்பாடுகள் ஏற்கெனவே ரகசியமாக நடந்துகொண்டிருந்தன.

'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பது நம் பழமொழி. அதை நாம் பெரும்பாலும் சும்மா இருப்பதற்குச் சாக்காகச் சொல்கிறோம். பாட்டிக்கும் போதும் என்ற மனம் இருந்தது. தன் சாப்பாடு போதும், தன் கட்டில் போதும், தன் கூரை போதும். ஆனால் பிறத்தியார் படும் நோயைப் பார்த்து ஒருநாளும் அவர் போதும் என்று சொன்னதில்லை. மிஷனோடு சண்டை போட்டதும் மகன் பேச்சைத் தட்டியதும் அதற்காகத்தான். இப்படிப்பட்ட பக்தரை வீட்டில் வைத்துக்கொண்டு சமாளிப்பது சுலபமல்ல என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

மகன் டாக்டர், தாய் நோயாளி

மகன் சாதாரண ஆள் அல்ல. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட்தான் அவர். குஷ்டரோகிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் போவதால் காயம்பட்டுக் காயம்பட்டுத்தான் அழிகின்றன என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர். மடங்கிப்போன கைகளை அறுவை செய்து மீண்டும் விரிய வைத்தவர். சிறுவயதில், கொல்லிமலை வீட்டு வாசலுக்கு வந்த குஷ்டரோகிகளுக்கு அப்பா மருந்து கட்டியதை எட்ட நின்று பார்த்த பையன் அவர்.

அந்தப் பெரிய டாக்டரால் தன் தாயாரை மட்டும் வழிக்குக் கொண்டுவர முடியவில்லை.

பாட்டிக்கு 75 வயது இருக்கும். மலையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இரவு முழுவதும் விழுந்த இடத்திலேயே வலியோடு கிடந்தார். காலையில்தான் வேலையாள் பார்த்தான். கட்டிலில் வைத்து மலையிறக்கி, ஜீப்பில் ஏற்றி, மேடும் பள்ளமுமான பாதையில் 150 மைல் கொண்டுபோனார்கள்.

இது முதல் விழுக்காடும் அல்ல. மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போகிறவருக்கு, குதிரையிலிருந்து விழுவதும் மண்டையில் அடிபடுவதும் சகஜமாகியிருந்தது. முதுகெலும்பில் அடிபட்டு நரம்பு தளர்ந்து, இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றித்தான் நடந்தார். மலைஜுரம், டைபாய்டு, சீதபேதி எல்லாம் வந்து போயிருந்தன.

மகன் ஒரு முடிவோடு மலைக்குப் போனார். டாக்டராகவும் பேசினார், பிள்ளையாகவும் பேசினார். இனி தனியாக இருக்கக்கூடாது, கீழே வந்துவிடுங்கள் என்றார். தாயார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கேட்டார்: நான் வந்துவிட்டால் இங்கே பல்வலிக்காரனுக்குப் பல் பிடுங்குவது யார்? முறிந்த எலும்பைக் கட்டுவது யார்? உபயோகப்படாமல் பத்திரமாக வைத்திருப்பதற்கா இந்தக் கிழட்டு உடம்பு?

டாக்டர் தனியாகவே இறங்கி வந்தார்.

அதன்பிறகு பதினெட்டு வருஷம் பாட்டி குதிரை ஏறினார். படிக்கிறபோது நம்பத்தான் கஷ்டமாக இருக்கிறது. 93-வது வயதில்தான், அடிக்கடி விழ நேர்ந்ததால், மனமில்லாமல் குதிரையை விட்டார். அப்போதும் வேலையை விடவில்லை. அவரிடம் மருந்து வாங்கியவர்கள், அவர் எடுத்து வளர்த்த அனாதைப் பிள்ளைகள் என்று அந்த மலைகளில் அவருக்கு உறவு பெருகியிருந்தது. ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த டோலி கிளம்பியது அப்போதுதான்.

கண்ணாடி இல்லாத வீடு

பாட்டியின் வீட்டில் கடைசி இருபது வருஷமும் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. ஒருகாலத்தில் லண்டனில் நாகரிகமாக உடுத்திய பெண். ஓவியம் வரைகிறவர், அழகு என்றால் என்னவென்று தெரிந்த கண். அப்படிப்பட்டவர் கண்ணாடியை விரதமாக ஒழித்தாரா? அப்படித் தோன்றவில்லை. அதற்குத் தேவை வரவில்லை, அவ்வளவுதான். வண்ணங்களை மட்டும் அவர் விடவில்லை. மலையையும் வானத்தையும் வரைந்துகொண்டிருந்தார்.

சுருக்கம் விழாத இடமே இல்லாத அந்த முகத்தைப் பற்றி மகன் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அத்தனை சுருக்கத்தை வேறு முகத்தில் கண்டதில்லையாம். இருந்தும் தன் தாய் அழகானவர் என்கிறார். கப்பல் துறையில் அடையாளம் தெரியாமல் திகைத்து நின்ற அதே மகன்தான்.

1974 டிசம்பரில், 95-வது வயதில், ஈவ்லின் அம்மாள் காலமானார். எப்படி அடக்கம் செய்யவேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். பெட்டி வேண்டாம், அதற்காக மரம் வீணாக்க வேண்டாம். புதுத் துணியும் வேண்டாம். புழங்கிய பருத்தி விரிப்பு ஒன்று போதும்.

உடலைக் கொல்லிமலைக்குக் கொண்டுபோனார்கள். மலைவாசிகள் கூடினார்கள். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, பழைய விரிப்பில் சுற்றி, மண்ணில் இறக்கினார்கள்.